ஹை சி-க்கு மேலே உள்ள டி: 1-ஆம் வால்வா, ஓப்பனா?

பாளை டிரம்பெட் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சபையில் டிரம்பெட் வாசிக்கிறேன். பி பிளாட் டிரம்பெட், யமஹா ஸ்டூடன்ட் மாடல், 7சி மவுத்பீஸ். கேரல் சர்வீஸுக்கு எங்கள் கொயர் மாஸ்டர் ஒரு பாட்டை ஜி ஸ்கேலில் தொடங்கி, கடைசிச் சரணத்தை ஏ பிளாட்டுக்கு ஏற்றியிருக்கிறார். அந்தச் சரணத்தில் சோப்ரானோ குரல்களுக்கு மேலே எனக்கென்று தனியாக ஒரு வரி. டிரம்பெட்டுக்கு எழுதிய நோட்டில் சொன்னால் ஏ, பி பிளாட், ஹை சி, ஹை டி, திரும்ப சி, பி பிளாட் என்று போகும். பாட்டு முடியும் இடத்தில் மறுபடியும் அதே ஹை டி, நான்கு பீட் பிடிக்க வேண்டும்.

என் சிக்கல் அந்த டி-தான். 1-ஆம் வால்வை அமுக்கி வாசித்தால் நோட்டு நன்றாக உட்காருகிறது. ஆனால் ட்யூனரில் 15 சென்ட் (அரை டோனில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கிட்ட இறங்கிக் காட்டுகிறது. ஓப்பனில், அதாவது எந்த வால்வையும் அமுக்காமல், வாசித்தால் ட்யூனர் பச்சை காட்டுகிறது, ஆனால் நோட்டு நிற்க மாட்டேன் என்கிறது. ஒன்று சி-க்கு விழுகிறது, இல்லையென்றால் ஈ-க்கு எகிறிவிடுகிறது. எங்கள் பேண்டில் மூத்தவர் ஒருவர், ஃபிங்கரிங் சார்ட்டில் 1 என்றுதான் இருக்கிறது, அதை மாற்றக் கூடாது என்கிறார். யூடியூப்பில் ஒருவர் ஓப்பன்தான் சரி என்று அடித்துச் சொல்கிறார்.

இன்னொரு கேள்வியும் உண்டு. மாற்று ஃபிங்கரிங் எல்லாவற்றையும் பழகிக்கொண்டால் ஈ, எஃப், ஜி என்று இன்னும் மேலே போக வழி கிடைக்குமா? இப்போதைக்கு டி-யோடு என் உதடு நின்றுவிடுகிறது.


நாகர்கோவில் பிராஸ் எழுதியது:

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கிடைக்காது. விரல் நோட்டைத் தருவதில்லை. காற்றும் உதடும் நோட்டைத் தருகின்றன. விரல் அது நிற்கும் சுருதியைக் கொஞ்சம் ஏற்றி இறக்குகிறது, பக்கத்து நோட்டுக்குப் போகும் வழியைச் சுலபமாக்குகிறது. என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகள் ஹை சி வந்த அடுத்த நாளே சார்ட்டைத் தேடிப் போகிறார்கள். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வால்வு இல்லாத காலத்தை எண்ணிப் பாருங்கள். ஷ்டோல்ட்சலும் ப்ளூமலும் ஜெர்மனியில் வால்வுக்குக் காப்புரிமை வாங்கியது 1818-ல். இசையமைப்பாளர் பாஹ் தன் பிராண்டன்பர்க் கன்செர்ட்டோக்களை அர்ப்பணித்தது 1721-ல். அதில் இரண்டாவது கன்செர்ட்டோவின் டிரம்பெட் பகுதி இன்றைக்கும் வாசிப்பவர்களை நடுங்க வைக்கிற உயரத்தில் இருக்கிறது. அன்றைக்கு அதை வாசித்தவர்கள் கையில் இருந்தது வளைத்த குழாய் மட்டும்தான். அத்தனை நோட்டும் நம் கணக்கில் ஓப்பன்.

இப்போது உங்கள் டி-க்கு வருவோம். உங்கள் மூத்தவர் சொல்வதும் சரி, யூடியூப்காரர் சொல்வதும் சரி. எந்த இடத்துக்கு எது என்பதை இருவருமே சொல்லவில்லை. அதைப் புரிந்துகொள்ள, ஓப்பனில் உதட்டை மட்டும் மாற்றினால் வருகிற நோட்டுகளை, அதாவது ஹார்மோனிக்குகளை, படிகளாக எண்ணிக்கொள்ளுங்கள். ஸ்டாஃபுக்கு, அதாவது நோட்டு எழுதும் ஐந்து கோடுகளுக்கு, கீழே இருக்கும் சி இரண்டாவது படி. அதற்கு மேல் ஜி 3, ஸ்டாஃபுக்குள் இருக்கும் சி 4, ஈ 5, ஜி 6. ஏழாவது படி பி பிளாட்டை விட 31 சென்ட் இறங்கி நிற்கும்; அதை யாரும் மெலடியில் தொட மாட்டார்கள். ஹை சி 8, டி 9, ஈ 10. பதினொன்றாவது எஃப்-க்கும் எஃப் ஷார்ப்புக்கும் நட்டநடுவில் கிடக்கும். ஹை ஜி 12.

கீழே சி-யிலிருந்து ஜி-க்கு எவ்வளவு தூரம்! மேலே 8-லிருந்து 9-க்கு ஒரு முழு டோன்தான், 9-லிருந்து 10-க்கு அதையும் விடக் குறைவு. அதனால்தான் ஸ்டாஃபுக்குள் ஒரு நோட்டுக்குப் பெரும்பாலும் ஒரே விரல், மேலே போனால் இரண்டு மூன்று விரல்கள். எதை அமுக்கினாலும் பக்கத்தில் ஏதோ ஒரு படி கிடைக்கும்.

1-ஆம் வால்வை அமுக்கினால் இந்தப் படிகள் எல்லாம் ஒரு முழு டோன் இறங்கும். அப்போது பத்தாவது படியான ஈ, டி ஆகிறது. ஆக உங்கள் டி ஓப்பனில் 9-ஆவது படி, 1-ல் 10-ஆவது படி. ஒன்பதாவது படி கீபோர்டின் சுருதியை விட 4 சென்ட் ஏறி இருக்கும். பத்தாவது 14 சென்ட் இறங்கி இருக்கும். உங்கள் ட்யூனர் காட்டியது இதைத்தான். உங்கள் உதட்டிலும் குறையில்லை, கருவியிலும் குறையில்லை.

இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு முக்கியம். பத்தாவது படி இறங்கி இருக்கிறது என்றேன் அல்லவா, எதை விட? கீபோர்டை விட. கீபோர்டில் ஸா-விலிருந்து அந்தர காந்தாரம் 400 சென்ட். சுத்தமான அந்தர காந்தாரம், தம்புராவோடு சேர்த்துப் பாடினால் அதிர்வே இல்லாமல் கலந்து போகிற காந்தாரம், 386 சென்ட். வித்தியாசம் அதே 14. பத்தாவது படி என்பதே சுத்தமான அந்தர காந்தாரம்தான், மூன்று ஆக்டேவுக்கு மேலே.

உங்கள் பாட்டின் கடைசிச் சரணம் ஏ பிளாட், நம் கணக்கில் ஐந்தரைக் கட்டை. பி பிளாட் டிரம்பெட்டில் 1-ஐ அமுக்கினால் முழுக் குழாயும் எந்தச் சுருதியில் ஒலிக்கிறது? ஏ பிளாட். பி பிளாட் டிரம்பெட் எழுதியதை விட ஒரு முழு டோன் கீழே ஒலிக்கும்; நீங்கள் வாசிக்கும் எழுதிய டி, காதில் விழுவது சி. ஐந்தரைக் கட்டையில் அதுவே அந்தர காந்தாரம். கடைசியில் நான்கு பீட் பிடிக்கிற இடத்தில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) ஏ பிளாட் மேஜராகத்தான் இருக்கும். ஒருவரை ஒருவர் கேட்டுப் பாடுகிற கொயருக்கு மேலே நீங்கள் 1-ல் அந்த டி-யைப் பிடித்தால், ட்யூனர் சிவப்பு காட்டினாலும் கார்டு பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டும்போது நீங்கள் ஊதுவதை விட ஒலி பெரிதாகக் கேட்கும். அதைக் கேட்டவன் மறக்க மாட்டான்.

சரி, கீபோர்டும் கூடவே வாசிக்கிறதே, அதோடு மோதாதா? மோதும். அதற்கு நான் சபைகளில் செய்வது இது. கீபோர்டு வாசிப்பவரிடம் போய், கடைசிக் கார்டில் சி-யை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். ஏ பிளாட்டும் ஈ பிளாட்டும் அவர் பிடிக்கட்டும். காந்தாரத்தைக் கொயரும் நீங்களும் தருகிறீர்கள். ஆர்கன் சத்தம் வைத்திருந்தால் மேல் ஆக்டேவ் சேர்க்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் செய்வார்கள்.

இனி, மேலே ஏறிப் போகும் வழியில் வருகிற முதல் டி. அந்த இடத்தில் கீழே என்ன கார்டு என்று கொயர் மாஸ்டரிடம் கேளுங்கள். எஃப் மைனராக இருந்தால் உங்கள் சி அந்தக் கார்டுக்குப் பஞ்சமம். பஞ்சமத்தை 14 சென்ட் இறக்கி வாசித்தால் யாருக்கும் பொறுக்காது, அங்கே ஓப்பன்தான். ஏ பிளாட் கார்டே இருந்தால் 1. அரை பீட்டில் கடந்து போகிற நோட்டு என்றால் சுருதியைப் பற்றிக் கவலைப்படாமல் விரலுக்கு எது சுலபமோ அதை எடுங்கள்.

இதை நான் சொல்வதற்காக நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். போனில் தம்புரா ஆப்பையோ சுருதிப் பெட்டியையோ ஐந்தரைக் கட்டையில் போடுங்கள். ஹை டி-யை நேரடியாக எடுக்காமல், ஸ்டாஃபுக்குள் இருக்கும் டி-யில் தொடங்கிக் காதைப் பழக்கிவிட்டு மேலே போங்கள். 1-லும் ஓப்பனிலும் மாற்றி மாற்றி நீளமாகப் பிடியுங்கள். ட்யூனரை நீங்கள் பார்க்கக் கூடாது; வேறு ஒருவர் பார்த்து எழுதட்டும். முள்ளைப் பார்த்துக்கொண்டே ஊதினால் உதடு முள்ளைத் துரத்தும், சுருதியைக் கேட்காது. பிறகு சுருதிப் பெட்டியை நாலு கட்டைக்கு, அதாவது எஃப்-க்கு மாற்றி அதே இரண்டையும் வாசியுங்கள். எந்த விரல் எங்கே சேர்கிறது என்று உங்கள் காதே சொல்லிவிடும்.

நான் சொன்ன 4, 14 எல்லாம் கணக்குப்படி வருபவை. கருவிக்குக் கருவி, மவுத்பீஸுக்கு மவுத்பீஸ் சில சென்ட் மாறும். பேண்டு செட்டில் புழங்குகிற மீரட் டிரம்பெட்டுகளில் ஒரே மாதிரி இரண்டை எடுத்தால்கூட மேல் டி இரண்டு விதமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அடுத்தவருடைய சார்ட்டை வாங்கி மனப்பாடம் செய்வதில் பயன் குறைவு. உங்கள் கருவிக்கு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.


மேடைக்காரன் எழுதியது:

அண்ணன் சொன்ன கணக்கு சரி, ஆனா நான் கொஞ்சம் மாறுபடறேன். நான் மெல்லிசை மேடையில வாசிக்கறவன். எங்களுக்கு சுருதின்னா கீபோர்டுதான். ரெண்டு கீபோர்டு, பேஸ் கிட்டார், மானிட்டர்ல எல்லாம் ஈக்வல் டெம்பர்மென்ட், அதாவது ஆக்டேவை 12 சம பங்காப் பிரிச்ச சுருதி. அங்க காந்தாரத்தை விட்டு வாசிங்கன்னு யார்கிட்டயும் சொல்ல முடியாது. 14 சென்ட் இறங்கின டி மைக்ல போனா முன்வரிசைக்கே தெரியும். அதனால நான் ஹை டி எப்பவும் ஓப்பன். ஒரே விரல்னு வெச்சுக்கிட்டா மேடையில யோசிக்க வேண்டியதில்லை.

ஓப்பன் டி நிக்கலைன்னு தம்பி சொன்னதுக்கு ஒரே மருந்து லிப் ஸ்லர். வால்வைத் தொடாம ஓப்பன்லயே ஸ்டாஃபுக்கு மேல இருக்கற ஜி, ஹை சி, டி, சி, ஜி. மெதுவா, சத்தம் கம்மியா. சத்தமா ஊதினா உதடு இறுகிடும், படி எங்க இருக்குன்னே தெரியாது. சத்தம் இல்லாம அந்த டி-யை எட்டிப் பிடிக்க முடியும்போது அது உங்களுது. எட்டு, ஒம்பது, பத்து மூணும் பக்கத்துப் பக்கத்துல இருக்கறதால கொஞ்சம் கூட இறுக்கினாலும் ஈ-க்குப் போயிடும். அதைத்தான் எகிறுதுன்னு சொல்றீங்க.

மாத்து விரல் எனக்கு உதவற இடம் வேற. சினிமா பாட்டு மூணு கட்டையில வந்தா, அதாவது ஈ ஸ்கேல்ல, எங்க நோட்டுல எஃப் ஷார்ப் மேஜர், ஆறு ஷார்ப். அதுல பி, ஹை சி ஷார்ப்னு மாறி மாறி வரும். சார்ட்டுல சி ஷார்ப்புக்கு 1-2 (ரெண்டு வால்வையும் சேத்து அமுக்கறது) போட்டிருக்கும். பி-க்கு 2. நான் சி ஷார்ப்பையும் 2-லயே எடுக்கறேன். ஒம்பதாவது படி, 4 சென்ட்தான் ஏறும், அந்த ஸ்கேல்ல அது பஞ்சமம் வேற. விரல் அசையவே வேண்டாம். ஜி ஷார்ப்புக்கும் ஏ-வுக்கும் ட்ரில் (ரெண்டு நோட்டை வேகமா மாத்தி மாத்தி வாசிக்கறது) வந்தா ஏ-வை 3-ல வெச்சுக்கங்க. 2-3, 3, 2-3, 3. ரெண்டாவது விரல் மட்டும் ஆடினாப் போதும். 2-3, 1-2ன்னு மாத்தி மாத்தி அடிச்சா விரல் சிக்கிக்கும்.

இன்னொண்ணு. வெட்டவெளி மேடையில வாசிக்கறவங்க வெயிலையும் கணக்குல எடுக்கணும். சூடு ஏறினா பித்தளைக் கருவியோட சுருதி ஏறும், கீபோர்டு ஏறாது. உள்ள இருக்கற காத்து ஒரு டிகிரி சூடானா கிட்டத்தட்ட 3 சென்ட். சாயங்காலம் வெயில் தாழ சவுண்ட் செக் பண்ணி மெயின் ஸ்லைடை (குழாயை நீட்டிக் குறைக்கற துண்டு) வெச்சுட்டு, ராத்திரி பத்து மணிக்கு அதே இடத்துல வெச்சு வாசிச்சா எல்லா நோட்டும் இறங்கித்தான் இருக்கும். அப்ப ஹை டி-க்கு விரலை மாத்திப் பிரயோஜனம் இல்லை, ஸ்லைடை உள்ள தள்ளணும்.

மேல மேல போகணும்னு ஆசைப்படறதுல தப்பே இல்லை தம்பி. மேல் நோட்டுக்குப் பேர்போன ஜாஸ் டிரம்பெட்காரர் மேனார்ட் ஃபெர்குசனைக் கேட்டவங்க யாருக்கும் அந்த ஆசை வராம இருக்காது. அந்த மனுஷன் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலி பள்ளிக்கூடத்துல வந்து சொல்லிக் கொடுத்திருக்கார், நம்ம ஊருக்கு அவ்வளவு பக்கத்துல. அவர் போன உயரத்துக்குப் போறது மூச்சும் உதடும் செய்யற வேலை, அதுல அண்ணன் சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்லை.


நாகர்கோவில் பிராஸ் எழுதியது:

மேடைக்காரர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், மேடைக்கு. மானிட்டரில் கீபோர்டு காதருகே ஒலிக்கும்போது சுத்தமான காந்தாரத்துக்கு அங்கே இடமில்லை. ஆனால் எப்போதும் ஓப்பன் என்று வைத்துக்கொள்வதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர மாட்டேன். சபையில் கொயரோடு வாசிக்கிற பிள்ளைக்கு இரண்டும் கையில் இருக்க வேண்டும், இரண்டுக்கும் காரணமும் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் சொன்ன சி ஷார்ப் விஷயத்தில் சார்ட் போட்டிருக்கிற 1-2-க்கும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு வால்வை ஒன்றாக அமுக்கினால் குழாய் வேண்டிய நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே வரும், சுருதி ஏறும். காரணம், 2-ஆம் வால்வின் குழாய் ஓப்பன் நீளத்துக்கு அளந்தது. 1-ஐ அமுக்கி மொத்தக் குழாயும் நீண்டுவிட்ட பிறகு அதே துண்டு போதாது. கணக்குப்படி 1-2-ல் 11 சென்ட், 1-3-ல் 30 சென்ட் கிட்ட, மூன்றும் சேர்ந்தால் 50 சென்டுக்கு மேலேகூட ஏறும். சி ஷார்ப்பை 1-2-ல் எடுத்தால் அது பத்தாவது படி, 14 இறங்க வேண்டியது. 11 ஏறுவதால் இரண்டும் கழிந்து கிட்டத்தட்ட கீபோர்டு சுருதியிலேயே நிற்கும். டி-க்கு 1 மட்டும் என்பதால் அந்த ஈடு கிடைப்பதில்லை. ஈ பிளாட்டுக்கு 2 மட்டும், ஈ-க்கு ஓப்பன்; அவற்றுக்கும் கிடைப்பதில்லை. மேலே இந்த மூன்று நோட்டைப் பற்றியே எல்லோரும் புலம்புவதன் காரணம் இதுதான்.

இறங்கிய நோட்டு, ஏறிய நோட்டு இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் என்றால் ஏறியதையே எடுங்கள். ஏறியதை உதட்டைத் தளர்த்தியோ, வால்வு ஸ்லைடை நீட்டியோ இறக்கலாம். இறங்கியதை ஏற்ற ஸ்லைடால் முடியாது. உதட்டை இறுக்கித்தான் ஏற்ற வேண்டும், அந்த உயரத்தில் இறுக்கினால் சத்தம் மெலிந்துவிடும்.


பிடோக் பிராஸ் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். ஸ்கூல் பேண்டில் தொடங்கி இப்போது ஒரு அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவில் சி டிரம்பெட் வாசிக்கிறேன். அண்ணன் சொன்ன மூன்று நோட்டுப் பிரச்சினை சி டிரம்பெட்டுக்கு வந்தால் ஸ்டாஃபுக்குள்ளேயே தலைகாட்டும். நான்காவது ஸ்பேஸில் இருக்கும் ஈ ஐந்தாவது படி, அதற்குக் கீழே ஈ பிளாட்டும் அப்படியே. பல சி டிரம்பெட்டுகளில் இவை கேட்டவுடன் தெரிகிற அளவு இறங்கும். அதனால் ஈ-யை 1-2-லும் ஈ பிளாட்டை 2-3-லும் வாசிப்பது எங்களுக்குப் பழக்கமே ஆகிவிட்டது. அவை ஆறாவது படியில் வரும், சுருதி நிற்கும்.

அதே விரல்கள் ஒரு ஆக்டேவ் மேலேயும் வேலை செய்யும். ஐந்துக்குப் பதில் ஆறு போல, பத்துக்குப் பதில் பன்னிரண்டு. தம்பி பி பிளாட் டிரம்பெட்டில் என்றைக்காவது ஹை ஈ பிளாட் வாசிக்க நேர்ந்தால் 2-க்குப் பதில் 2-3-ஐயும், ஹை ஈ-க்கு ஓப்பனுக்குப் பதில் 1-2-ஐயும் முயன்று பாருங்கள். என் உதட்டுக்கு 1-2-ல் வரும் ஈ கொஞ்சம் அடைத்த மாதிரி இருக்கும், சத்தம் ஓப்பன் அளவுக்கு விரியாது. நீளமாகப் பிடிக்க 1-2, பளிச்சென்று தொட்டுப் போக ஓப்பன் என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

இதற்கும் மேலே, ஹை ஜி தாண்டினால், விரல் வித்தியாசமே மங்கிவிடும். பி பிளாட் டிரம்பெட்டின் ஹை ஜி சுமார் 1397 ஹெர்ட்ஸ். டிரம்பெட்டின் பெல் (விரிந்த வாய்ப் பகுதி) சுமார் 1500 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒலியை உள்ளே திருப்பி அனுப்புவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடுகிறது. உள்ளே திரும்பி வரும் ஒலிதான் உதட்டுக்குப் படியைக் காட்டுவது. அது இல்லாதபோது படியும் தெளிவாக இருக்காது. நோட்டை வாயும் மூச்சும் மட்டும்தான் பிடித்து நிறுத்த வேண்டும். சார்ட்டைப் பழகினால் மேலே போகலாமா என்று கேட்டீர்களே, அது ஏன் நடக்காது என்பதற்கு இயற்பியல் பதில் இது.


பாளை டிரம்பெட் எழுதியது:

அண்ணன்களுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. சுருதிப் பெட்டியைப் போட்டுச் சோதித்தேன், தங்கை ட்யூனரைப் பார்த்து எழுதினாள். ஐந்தரைக் கட்டையில் 1-ல் பிடித்த டி அப்படியே கரைந்து போகிறது. அவள் எழுதியதைப் பார்த்தால் அப்போதும் ட்யூனர் இறங்கித்தான் காட்டியிருக்கிறது. நாலு கட்டைக்கு மாற்றியதும் அதே விரல் சகிக்கவில்லை, ஓப்பன் சேர்ந்தது. கீபோர்டு வாசிக்கிற அக்காவிடமும் பேசிவிட்டேன், கடைசிக் கார்டில் சி-யை விடுவதாகச் சொன்னார்கள்.

கொயர் மாஸ்டரிடம் கேட்டேன். ஏறும் வழியில் வருகிற முதல் டி எஃப் மைனர் கார்டில்தான் விழுகிறது, ஒன்றரை பீட். அப்படியானால் அங்கே ஓப்பன் வேண்டும். ஆனால் பி பிளாட், சி, டி மூன்றும் ஒரே ஸ்லரில் (நாக்கால் வெட்டாமல் தொடர்ந்து ஊதுவது) இருக்கின்றன. சி ஓப்பன், டி ஓப்பன். வால்வு எதுவும் அசையாததால் சி-யிலிருந்து டி-க்கு ஏறும்போது இடையில் ஒரு வழுக்கல் கேட்கிறது, சில நேரம் ஈ-க்கே போய்விடுகிறது. லிப் ஸ்லர் தொடங்கிவிட்டேன், ஆனால் சர்வீஸுக்குள் அது கைகூடுமா என்று பயமாக இருக்கிறது. இந்த ஒரு இடத்துக்கு வேறு வழி உண்டா?


நாகர்கோவில் பிராஸ் எழுதியது:

உண்டு. சி-யை 1-ல் எடுங்கள்.

1-ஐ அமுக்கினால் ஒன்பதாவது படி எது? ஓப்பனில் டி, ஒரு முழு டோன் இறங்கினால் சி. ஓப்பன் டி-யும் ஒன்பதாவது படி. ஆக 1-ல் சி பிடித்துக்கொண்டு விரலை மட்டும் எடுத்தால், படி மாறாமலே டி வந்துவிடும். உதடு தாண்ட வேண்டிய இடமே அங்கே இல்லை. பி பிளாட் எப்படியும் 1-தான். எனவே பி பிளாட் 1, சி 1, டி ஓப்பன். தாண்டுகிற வேலை பி பிளாட்டுக்கும் சி-க்கும் இடையில் வரும். அந்த உயரத்தில் உங்கள் உதடு இன்னும் தெம்பாக இருக்கும்.

அதுவும் வழுக்கினால் பி பிளாட்டை 2-3-ல் எடுத்துப் பாருங்கள். அதுவும் ஒன்பதாவது படி. 2-3, 1, ஓப்பன் என்று மூன்று நோட்டும் ஒரே படியில் போகும். விரலுக்குக் கொஞ்சம் கடினம், 2-3-லிருந்து 1-க்குப் போகும்போது விரல்கள் மொத்தமாக மாறும். முதல் வழி போதுமென்றால் இதற்குப் போக வேண்டாம்.

இறங்கும்போது, டி-யிலிருந்து சி-க்கும் பி பிளாட்டுக்கும், வழக்கமான ஓப்பன் சி-யே இருக்கட்டும். இறங்குவதில் வழுக்கல் அவ்வளவு கேட்காது. கடைசி நீள டி-க்கு 1. அதற்கு முன்னால் இருக்கும் நோட்டைத் தனியாக விட்டு, கொயரோடு சேர்ந்து மூச்சு எடுத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குங்கள். கொயர் மாஸ்டர் ஸ்லர் போட்டிருந்தாலும் கேட்டு எடுத்துவிடுங்கள்.

1-ல் பிடிக்கிற சி சில கருவிகளில் கொஞ்சம் ஏறும். ஏறினால் முதல் வால்வு ஸ்லைடைக் கட்டைவிரலால் சற்று வெளியே தள்ளுங்கள், அந்த ஸ்லைடு எண்ணெய் போட்டுத் தாராளமாக ஓடும்படி இருக்கட்டும். ஜி ஸ்கேலில் போகிற முதல் சரணங்களில் உங்களுக்கு மேல் நோட்டு ஏதாவது எழுதியிருந்தால் ஒரு ஆக்டேவ் கீழே வாசிக்க அனுமதி கேளுங்கள். ஒத்திகையிலும் ஹை டி-யை ஒவ்வொரு முறையும் முழுச் சத்தத்தில் வாசிக்க வேண்டாம், சர்வீஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் அதைத் தொடவே வேண்டாம்.